தலை தூக்கிய கேமரா

டேப் என்ற பொருள் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆவண அறையில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு டேப்பம்மா என்ற பெயர் போகவில்லை. அக்கா வீட்டுப் பக்கம் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. புலி. வீரத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று செய்தி அறைக்கு வந்த தகவலை எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவுக்குப் போன் செய்தாள். மலையடியில் அக்கா தெருவில் இருந்த பதினாலு வீடுகளும் காலியாயின. மூட்டை முடிச்சு, தையல் மெஷின், அப்போது படுக்கையில் கிடந்து பிறகு போய்ச்சேர்ந்த கிழவர் ஒருவர், எல்லாரையும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மத்தியானம் வரை மேட்டில் மழையில் நின்றார்கள். வெள்ளம் வராமல் இல்லை. அதே பெயருள்ள வேறோர் ஊரில் வந்தது. அன்றிலிருந்து அவள் அந்தத் தெருவுக்குள் காலை வைத்தாலே பிள்ளைகள், "புலி வருது, புலி வருது!" என்று கத்தும். பெரியவர்கள் அதட்டுவது போல அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து அவளும் சிரித்துவைப்பாள்.

அதற்குப் பிறகு அவள் தன் பயத்தை நம்புவதை விட்டுவிட்டாள். பயம் வந்தால் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பாள். நீ யார், எதைப் பார்த்துவிட்டு வந்தாய், சாட்சிக்கு யார்? பெரும்பாலும் பதில் சொல்லத் தெரியாமல் போய்விடும். போன பிறகும் அதன் நிழல் மட்டும் அங்கேயே கிடக்கும்.

நிலையத்தின் பொன்விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஐம்பது வருஷக் கதையை அரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்று அவளிடம் கொடுத்திருந்தார்கள். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் டேப் அரிது. இன்றைக்குப் பதிந்த நாடகத்தின் மேலேயே நாளைய பாட்டுக் கச்சேரியைப் பதிவார்கள். முதல் பத்து வருஷம் இப்படித் தன்னைத் தானே தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியது ஃபிலிம் சுருள்கள் மட்டும். ஃபிலிமை அழித்து மறுபடி எழுத முடியாது என்பதால் பிழைத்தவை.

அதில் ஒன்று முதல் நாள் ஒளிபரப்பு. ஒரு பேச்சு, ஒரு பாட்டு, அவ்வளவுதான் அன்று கைவசம் இருந்தது. மீதிப் பதினெட்டு நிமிஷத்தை எதைக்கொண்டு நிரப்புவது? நிலையம் இருந்ததே, மலைக்கு எதிரே மேட்டில், பழைய வெள்ளைக்காரக் கம்பெனியின் பங்களாவில். அங்கே ஓர் அலமாரியில் கம்பெனி தன் முதலாளிகளுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பழைய படம் கிடந்தது. அதைப் போட்டு நிரப்பினார்கள். சதுக்கத்தில் மரக்கதவு வைத்த பெட்டியின் முன்னால் கூடி நின்ற ஜனம், வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த தொலைக்காட்சியில், தங்கள் மலைக்கு மொட்டை அடிக்கிற கதையைக் கண்கொட்டாமல் பார்த்தது.

அவள் அதைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தாள். ஓசையில்லாத படம். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கின்றன. அவற்றை அறுத்துத் தண்டவாளத்துக்குக் கட்டை ஆக்குகிறார்கள். மிச்சத்துக்குத் தீ. பிறகு சரிவைப் படிப்படியாக வெட்டித் தோட்டம். தோட்டத்துக்குத் தொந்தரவாக அங்கங்கே தண்ணீர் கசிகிறது. முழங்கால் சேற்றில் நின்று ஆட்கள் ஊற்றுக்கண்களைக் கல்லால் அடைத்து மேலே மண்ணைக் கொட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடிக்கக் கடல் தாண்டி வந்த தைலமரக் கன்றுகள். கடைசியில் ஓர் எழுத்து அட்டை: பதினோரு ஊற்றுகள் மூடப்பட்டன, மலை இப்போது பயனுக்கு உரியது.

மலையின் தோளில் மரமில்லாத அந்த இடத்தில்தான் நிலையத்தின் முதல் கோபுரத்தை நிறுத்தினார்கள். பாதையைக் கம்பெனி போட்டுவைத்திருந்தது, மரத்தையும் அதுவே எடுத்துவைத்திருந்தது. இப்போது கோபுரத்துக்கு வேலை இல்லை, படம் வேறு வழியில் போகிறது. ஆனால் நிலையத்தின் சின்னமே அந்தக் கோபுரம்தான். தினம் வானிலை அறிக்கையில் மொட்டைமாடிக் கேமரா அந்த மலையைத்தான் காட்டும். கோபுரத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலை எண் வந்து உட்காரும். அதற்காக மானிட்டரின் கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் சின்னதாக ஒரு குறி. காலையில் கேமராக்காரர் கோபுரத்தின் நுனியை அந்தக் குறிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

கேமராக்காரர் ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒட்டடை என்று கூப்பிடுவார்கள்.

"அன்றும் இன்றும்னு ஒரு ஷாட் போடலாம் டேப்பம்மா," என்றார் அன்று காலை. "கோபுரம் நிறுத்தின அன்னைக்கு எடுத்த ஃபிலிமும் இதே மாடியிலேருந்து எடுத்ததுதானே? அதுலேருந்து இன்னைக்குப் படத்துக்கு மெல்லக் கரைச்சுக் கொண்டுவந்தா அழகா இருக்கும்."

வெளியே மூன்று வாரமாக விட்டுவிட்டு மழை. இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்தார்கள். கோபுரத்தைக் கோபுரத்தோடு பொருத்தினால், பின்னால் மலையுச்சியின் கோடு பொருந்தவில்லை. உச்சியைப் பொருத்தினால் கோபுரம் விலகியது.

"பழைய ஃபிலிம் சுருங்கியிருக்கும்," என்றார் ஒட்டடை. "இல்லைன்னா இந்தச் சனியன் பிடிச்ச கேமரா. மூணு வாரமாத் தலையைத் தூக்குது. தினம் காலையில இறக்கி வைக்கிறேன், மறுநாள் தூக்கிடுது. திருகாணி மாத்தியாச்சு, அடியில கட்டை கொடுத்தாச்சு. என் மாமியார் மாதிரி, எங்க வச்சாலும் நிக்க மாட்டேங்குது."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை.

கேமரா தலையைத் தூக்கினால் படம் முழுக்கத்தானே நகர வேண்டும்? உச்சியும் கோபுரமும் சேர்ந்து நகர வேண்டும். ஒன்று மட்டும் எப்படி நகரும்?

பயம் வாசலுக்கு வந்து நின்றது. வழக்கம்போல நிறுத்தி விசாரித்தாள். ஃபிலிம் பழசு, லென்ஸ் வேறு, ஐம்பது வருஷம் இடைவெளி. சாட்சி போதாது என்றாள். போ என்றாள். அது போகவில்லை.

வானிலைக் கேமராவின் பதிவில் தினம் ஒரு நிமிஷத்தை எடுத்து வைப்பது அவள் வழக்கம். யாரும் கேட்டதில்லை, யாரும் பார்த்ததுமில்லை. மழை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை இருபத்திரண்டு படங்களை எடுத்தாள். கோபுரத்தைக் கணக்கில் எடுக்காமல், உச்சிப் பாறையை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினாள். ஓடவிட்டாள்.

பாறை அப்படியே இருந்தது. கோபுரம் கீழே இறங்கியது. அதோடு தைலமர வரிசையும், கம்பெனிப் பாதையின் வளைவும், அந்தத் தோள் முழுவதும், தூங்குகிறவன் மார்பிலிருந்து போர்வை நழுவுவது போல. முதல் நாட்களில் ஒரு மயிரிழை. பிறகு இரண்டு. கடைசி நாளில் மட்டும், அதற்கு முந்திய வாரம் முழுவதும் நகர்ந்த அளவு.

ஒட்டடை அதை இன்னொரு முறை ஓடவிட்டார். பிறகு மிகவும் மெதுவாக, "நான் தினம் சரி பண்ணி வச்சேனே," என்றார். "மலை இறங்க இறங்க, நான் கேமராவ இறக்கி இறக்கிக் குறியில வச்சிருக்கேன். படத்துல ஒண்ணுமே தெரியாம."

அந்தத் தோளுக்கு நேர் கீழேதான் பதினாலு வீடுகள். கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிய வரிசை. ஆறாவது வீடு அக்காவுடையது.

போனை எடுத்தாள். எண்ணை அழுத்துவதற்குள், பிள்ளைகளின் குரல் காதில் கேட்டது. புலி வருது. அழுத்தினாள்.

"என்னடி, வேலை நேரத்துல? யாராவது போய்ட்டாங்களா?"

"இல்லக்கா. வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?"

"ஏன், புலி வருதா?"

"விளையாடாதக்கா. சுவர்ல விரிசல் கிரிசல் ஏதாவது..."

"இருக்கே, எனக்கும் உங்க அத்தானுக்கும் நடுவுல இருக்கு, இருபது வருஷமா." அக்கா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். "ஒண்ணும் இல்லடி. கதவுதான் ஒரு வாரமாச் சாத்த மாட்டேங்குது. மழையில மரம் ஊறிப்போச்சாம். தச்சன் வீட்டுக் கதவு சாத்தலன்னா ஊரு சிரிக்காதா? ரெண்டு தடவை இழைச்சுட்டாரு. இதோ, மூணாவது தடவை. கேளு."

போனுக்குள் இழைப்புளி மரத்தில் ஓடும் சத்தம் கேட்டது. சரக். சரக்.

"உங்க வீட்டுக் கதவு மட்டும்தானாக்கா?"

"எங்க? ஆறு வீடு ஆச்சு. எல்லார் கதவையும் கழட்டி இவரு தலையில கட்டிட்டாங்க."

இங்கே ஒருவர் கேமராவைச் சரிசெய்கிறார். அங்கே ஒருவர் கதவைச் சரிசெய்கிறார். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் வேலையில் குறை வைக்காதவர்கள்.

"அக்கா, கதவு ஊறல. நிலை கோணுது. வீடு நகருது. மலை இறங்குதுக்கா, நான் பார்த்தேன். இப்பவே எல்லாரையும் கூட்டிட்டு வெளியே வா."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதில் இரக்கம் இருந்தது.

"இங்க பாரு, சின்னவளே. நீ நல்ல மனசோட சொல்றே. ஆனா போன தடவை நான் இந்தத் தெருவுல தலைகாட்ட ஆறு மாசம் ஆச்சு. இன்னொரு தடவை நீ சொன்னேன்னு நான் வாயத் திறந்தா, என்னைத்தான் வெளியே அனுப்புவாங்க. போய் ஒரு காபி குடி." போனை வைத்துவிட்டாள்.

செய்தி ஆசிரியர் படத்தை இரண்டு முறை பார்த்தார். வாயில் இருமல் மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார்.

"நீங்க சொல்றது இருக்கலாம்மா. இல்லாமலும் போகலாம். நிலவியல் அலுவலகம் ஒரு வரி சொல்லட்டும், அடுத்த நிமிஷம் போடறேன்."

"கேட்டேன் சார். அதிகாரி வெளியே போயிருக்காராம். மூணு மணிக்கு வருவாராம்."

"அப்போ மூணு மணி வரைக்கும் பொறுப்போம். மலை அம்பது வருஷமா நிக்குது, இன்னும் ரெண்டரை மணி நேரம் நிக்காதா? நம்ம சின்னமே அந்தக் கோபுரம். பொன்விழா வாரத்துல அது சரியுதுன்னு நாமளே சொல்றதா?" பிறகு, மனசாட்சி குத்தியதோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். "போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. ஆவண அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணிக்கு வானிலை. அதில் முப்பது விநாடி மொட்டைமாடிக் கேமரா. அந்த முப்பது விநாடிக்கு எந்தப் படம் போகிறது என்பது ஒட்டடையின் கையில் இருந்தது. அவர் கேட்டுவிட்டுப் போயிருந்தார், "நீங்க ஃபைலைக் கொடுத்தா நான் போடறேன். கொடுக்கலன்னா வழக்கம்போல நேரலை. உங்க இஷ்டம் டேப்பம்மா."

அவள் தனக்கு அப்போது வந்த பயத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்று, மலை விழும் என்ற பயம். இன்னொன்று, விழாது என்ற பயம். இரண்டில் எது பெரிது என்று பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாவது கொஞ்சமும் சிறியதாக இல்லை. அக்காவின் உயிரும் தன் மானமும் தராசில் அத்தனை நெருக்கமாக நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. வெளியே இரண்டு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டு போனார்கள். தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். உடனே எழுந்து போய் ஃபைலைக் கொடுத்தாள். இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

ஒரு மணிக்கு, செய்தி வாசிக்கும் பெண் வழக்கமான புன்னகையோடு, "இன்றைய வானிலை, பரவலாக மிதமான..." என்று தொடங்கினாள். பக்கத்துத் திரையில் மலை இறங்க ஆரம்பித்தது. விநாடிக்கு ஒரு நாள். மூலையில் தேதி மட்டும். அந்தப் பெண் ஓரக்கண்ணால் பார்த்தாள். "மிதமான" என்ற சொல்லுக்குப் பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. நேரலையில் இருபத்திரண்டு விநாடி மௌனம். நிலையத்தின் ஐம்பது வருஷத்தில் இப்படி ஒரு மௌனம் போனதில்லை.

செய்தி ஆசிரியர் ஆவண அறைக்கு ஓடிவந்தார். கத்தவில்லை. "நாளையிலேருந்து வர வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் அவள் மேல் இல்லை, ஜன்னல் வழியே மலை மேல் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு வாசலில் சத்தம். பதினாலு வீடும் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தது. சண்டைக்கு. முன்னால் அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. பின்னால் அத்தான், கையில் இழைப்புளியோடு. கீழே வைக்க மறந்திருந்தார்.

"என்னடி இது? டீவியில எங்க வீட்டுத் தலைமேல மலையை இறக்கி விட்டிருக்கே?"

"போன தடவை வெள்ளம், இந்தத் தடவை மலையா?" என்றான் பின்னால் ஒருவன். "அடுத்த தடவை வானமே விழுந்துடும்!" சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. டீவியில் பார்த்ததை அவர்களால் பார்க்காதது ஆக்க முடியவில்லை.

திட்டுவதற்காகவாவது வந்துவிட்டார்களே என்றிருந்தது அவளுக்கு. உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டினாள். அத்தான் திரையருகில் குனிந்து, மரவேலைக்காரரின் கண்ணால், பாறைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார். இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு நிலவியல் அதிகாரி ஒரு ஜீப்பில் வந்தார். இளைஞர். படத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி ஒன்றும் கேட்காமல், மலைப்பாதையில் ஏறிப் போனார்.

மூன்றரைக்கு மழை நின்றது. அவளுக்கு அதைவிடக் கொடுமையாக ஒன்றும் நடந்திருக்க முடியாது. மேகம் விலகி வெயில் அடித்தது. மலை கழுவித் துடைத்தது போல, பச்சையாக, அசையாமல், யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காத முகத்தோடு நின்றது. ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியது. அடுப்பில் வைத்தது அப்படியே இருக்கிறது என்றாள் ஒருத்தி. மூன்று பேர் கிளம்பியே விட்டார்கள். அக்காவும் எழுந்தாள்.

"பாரு, கல்லு மாதிரி நிக்குது. நான் போய்ட்டு வரேன். வாசக்கதவு கூட நிலையில இல்ல, வீடு திறந்து கிடக்கு."

அவள் மலையைப் பார்த்தாள். அப்போது தனக்குள் ஒரு குரல் கேட்டது. அது வேண்டிக்கொண்டிருந்தது. விழு. இப்போதே விழு. இவர்கள் கண் முன்னால் விழு. எத்தனை நேரமாக அது அப்படி வேண்டிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை வந்த பயமெல்லாம் வெளியே இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்து வந்தது. இது தன்னைப் பார்த்தே வந்தது.

"அக்கா."

"என்ன?"

"நான் அது விழணும்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன்க்கா. உன் வீட்டு மேல. நான் சொன்னது சரின்னு ஆகணுமேன்னு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். பளாரென்று அறைவாள் என்று நினைத்தாள். அக்கா அறையவில்லை. தங்கையின் முகத்தை, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல, நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தாள். வெள்ளம் என்று சொல்லிவிட்டு மேட்டுக்கு ஓடிவந்து நின்ற நாளில் இந்த முகம் இப்படி இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அழுத முகம். இன்று அழுகை வராத முகம்.

அக்கா விறுவிறுவென்று வாசலுக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"எவனும் கீழ இறங்காதீங்க. டேய், உன்னைத்தான்! அடுப்பு அணைஞ்சா மறுபடி பத்த வச்சுக்கலாம். என் தங்கச்சி பயப்படுவா, ஆனா பொய் சொல்ல மாட்டா."

"அதே தங்கச்சிதானே அன்னைக்கு..."

"ஆமா, அதே தங்கச்சிதான்! போனவங்க மூணு பேரையும் கூப்பிடுங்க!"

அத்தான்தான் ஓடினார். பாதி வழியில் அவர்களைப் பிடித்துக் கையைப் பற்றி இழுத்து வந்தார். அவர்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

நாலே காலுக்கு நிலவியல் அதிகாரி பாதையில் தெரிந்தார். நடந்து ஏறியவர் ஓடி இறங்கினார். முழங்கால் வரை சேறு. சரிவில் நீளமாகப் பிளவு இருக்கிறது, தன் கை முழுசும் உள்ளே போயிற்று, அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது என்றார். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

"கீழ எத்தனை வீடு?"

"பதினாலு," என்றாள் அக்கா.

"எத்தனை பேர் வெளியே வந்திருக்காங்க?"

அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள். ஒரு முறை எண்ணி, நம்பாமல் மறுபடி எண்ணினாள். "எல்லாரும்," என்றாள்.

அதிகாரி ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு போனில் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார். செய்தி ஆசிரியர் நேரலைக்கு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். மேற்கே மறுபடி மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. எல்லோரும், பிள்ளைகள்கூட, மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வாழ்க்கையில் எதற்கும் பயந்து பார்த்திராத அந்தக் கை, தங்கையின் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

"ராத்திரிக்கு நாங்க எங்கடி படுக்கறது?"

"ஸ்டுடியோ பெருசுதான்க்கா. சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. வா."